ஷீல்டு ஒயர் வாங்குமுன் மேல் வலையைப் பாருங்கள்

புனலூரில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: “அண்ணாச்சி, ஆம்ப்ளிஃபயர் போர்டு வாங்கி நானே பெட்டி கட்டிவிட்டேன். டிஏசியில் (டிஜிட்டல் பாட்டை ஆடியோ சிக்னலாக மாற்றும் பெட்டி) இருந்து ஒரு தனி வால்யூம் பெட்டி (உள்ளே 50 கிலோ ஓம் கன்ட்ரோல் மட்டும்), அங்கிருந்து ஆம்ப், அப்புறம் அப்பாவின் பழைய ரெக்கார்டு பிளேயர், ஹால் டிவி ஆறு மீட்டர் தள்ளி. இத்தனைக்கும் ரெடிமேட் ஆர்சிஏ கார்டு (இரண்டு முனையிலும் பின் வைத்த ஆடியோ ஒயர்) வாங்கினால் கட்டுப்படியாகாது. ஒயரை மீட்டர் கணக்கில் வாங்கி நானே பின் வைத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன். கடையில் சிசிடிவி கேபிள், டிஷ் கேபிள், மைக் கேபிள் மூன்றும் காட்டினார்கள். வீட்டில் லேன் கேபிளும் மிச்சம் கிடக்கிறது. எதை எடுக்க? ஆக்சிஜன் ஃப்ரீ காப்பர்தான் வேண்டுமா?”

தம்பி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். நடுக்கம்பியும் செம்பு, மேல் வலையும் செம்பு என்று உறுதியாகத் தெரிகிற ஆர்ஜி-59 கோஆக்சியல் கேபிள் (நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி இன்சுலேஷன், அதன் மேல் வலை) 20 மீட்டர் வாங்குங்கள். உங்கள் நான்கு இணைப்புக்கும் அது போதும். நல்ல மைக் கேபிளை விட மீட்டருக்குக் குறைவாகவே ஆகும். ஆனால் ‘செம்பு என்று உறுதியாகத் தெரிகிற’ என்றேன் பாருங்கள், கஷ்டமே அங்கேதான். இப்போது கடைகளில் தொங்கும் மலிவுக் கேபிளில் நிறைய செம்பு நிறம் பூசிய வேறு ஏதோ ஒன்றாக இருக்கிறது. அதனால் எந்தக் கேபிள் என்பதைவிட, ஒரு கேபிளைக் கையில் எடுத்தால் அதை எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் நீளமாகச் சொல்லப்போகிறேன்.

ஒயர் செய்யும் வேலை என்ன என்று பார்ப்போம். டிஏசியில் இருந்து வருவது அதிகபட்சம் 2 வோல்ட். அதை வாங்கும் ஆம்பின் உள்ளீட்டுத் தடை 10 கிலோ ஓமோ 47 கிலோ ஓமோ இருக்கும். 10 என்றே வைத்தாலும் ஓடும் கரண்ட் 0.2 மில்லி ஆம்பியர், அவ்வளவுதான். இதற்கு நடுக்கம்பி தலைமுடி அளவு இருந்தாலும் போதும். ஸ்பீக்கர் ஒயருக்கு தடிமன் பார்க்கிற பழக்கத்தில் இங்கேயும் “கம்பி தடியா இருக்கா?” என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்பீக்கரில் ஆம்பியர் கணக்கில் கரண்ட் ஓடுகிறது, அங்கே அந்தக் கேள்வி சரி. இங்கே அதற்கு வேலையே இல்லை.

மேல் வலை விஷயம் வேறு. ஆர்சிஏ இணைப்பில் ஷீல்டு, அதாவது அந்த மேல் வலை, இரண்டு வேலை செய்கிறது. வெளியில் இருந்து வரும் மின்புல இரைச்சலை மறிப்பது ஒன்று, இது எல்லோருக்கும் தெரியும். சிக்னல் திரும்பிப் போகும் பாதையும் அதேதான் என்பது பலருக்கு மறந்துபோகிறது. இரண்டு பெட்டிகளின் உடலையும் இணைப்பது அந்த வலைதான். டிவி, செட்டாப் பாக்ஸ், லேப்டாப் சார்ஜர் எல்லாவற்றிலும் உள்ளே ஒரு சின்ன கெப்பாசிட்டர் வழியாக 230 வோல்ட் மெயினில் இருந்து கொஞ்சம் கரண்ட் கசிந்துகொண்டே இருக்கும். (ஈரக்கையால் லேப்டாப்பின் உலோக மூடியைத் தடவினால் சுருசுருவென்று இருக்குமே, அதுதான்.) அந்தக் கசிவு தரைக்குப் போக வழி தேடும். உங்கள் ஷீல்டு அதற்கு நல்ல வழி. அப்படி வலை வழியாக ஓடும்போது, வலைக்கு இருக்கும் தடையால் ஒரு சிறு வோல்டேஜ் உருவாகும். ஆம்ப் அந்த வோல்டேஜையும் பாட்டு என்றே எடுத்துக்கொண்டு பெருக்கும். ‘ம்ம்ம்’ என்று அடியில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் ஹம்மும், அதன் மேலே ‘ஜ்ஜ்ஜ்’ என்று ஒரு எரிச்சலான சத்தமும் வருவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கசிவு கால் மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் டிவி ஒயர் 6 மீட்டர். சும்மா நாலு இழையைச் சுற்றிவிட்ட மலிவு ஷீல்டு ஒயரில் வலையின் தடை மீட்டருக்கு 0.1 ஓம் வரும், ஆறு மீட்டருக்கு 0.6 ஓம். ஹம் 0.15 மில்லிவோல்ட். பாட்டு சாதாரணமாக 0.3 வோல்ட் என்றால் ஹம் அதைவிட 66 டெசிபல் கீழே இருக்கிறது. பகலில் கேட்காது. ராத்திரி மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தால், நல்ல ஸ்பீக்கராக இருந்தால் கேட்கும். அதே ஆறு மீட்டரை அடர்த்தியான செம்பு வலை கொண்ட ஆர்ஜி-59ல் போட்டால் மீட்டருக்கு 0.01 ஓம்தான், மொத்தம் 0.06 ஓம். ஹம் பத்தில் ஒரு பங்காகி 86 டெசிபல் கீழே போய்விடும். கேபிளை மாற்றியதில் 20 டெசிபல் லாபம். ஆக்சிஜன் ஃப்ரீ காப்பர், வெள்ளிப் பூச்சு, தங்கப் பின் எல்லாம் சேர்த்தாலும் இப்படி ஒரு லாபம் வராது.

இதனால்தான் காசைப் போடுவதானால் வலையில் போடுங்கள் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

சரி, வலையின் தடையை எப்படி அளப்பது? சாதாரண மல்டிமீட்டர் அரை ஓமுக்குக் கீழே சொல்வதை நம்ப முடியாது, அதன் புரோப் ஒயருக்கே அவ்வளவு தடை இருக்கும். அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. 2 ஆம்பியர் கொடுக்கும் பழைய 5 வோல்ட் மொபைல் சார்ஜர், 4.7 ஓம் 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் ஒன்று. சார்ஜர், ரெசிஸ்டர், கேபிளின் மேல் வலை மூன்றையும் வரிசையாக இணைத்தால் சுமாராக 1 ஆம்பியர் ஓடும். இப்போது மீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து, வலையின் இரண்டு முனைக்கும் நடுவே அளவெடுங்கள். 1 ஆம்பியர் ஓடுவதால் எத்தனை மில்லிவோல்ட் காட்டுகிறதோ அத்தனை மில்லி ஓம். 5 மீட்டர் துண்டில் 50 அல்லது 60 காட்டினால் அருமையான கேபிள். 200, 300 என்று போனால் வலையில் வேறு உலோகம் இருக்கிறது, இல்லை வலை சல்லடை மாதிரி இருக்கிறது. ரெசிஸ்டர் நன்றாகச் சூடாகும், பிளாஸ்டிக் மேல் வைக்காதீர்கள், பார்த்ததும் கழற்றிவிடுங்கள்.

கடையில் நிற்கும்போது சார்ஜரெல்லாம் எடுத்துப் போக முடியாது. அங்கே மூன்று சோதனை போதும். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒரு சின்னத் துண்டு சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கம்பி அதில் ஒட்டினால் அது செம்பு பூசிய இரும்பு. டிஷ் கேபிளில் இது ரொம்ப சகஜம். அடுத்து பிளேடு. இழையைச் சுரண்டிப் பாருங்கள். மேலே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் செம்பு பூசிய அலுமினியம், வேண்டாம். மேலே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் ஈயம் பூசிய செம்பு, நம் பக்கத்துக்கு இதைவிட நல்லது கிடையாது. மூன்றாவது லைட்டர். மெல்லிய ஒரு இழையை நெருப்பில் காட்டினால் அலுமினியம் சுருண்டு உருகி உருண்டை கட்டிவிடும், ஏனென்றால் அது 660 டிகிரியில் உருகும். செம்புக்கு 1085 டிகிரி வேண்டும், அது செக்கச்செவேல் என்று பழுத்து அப்படியே நிற்கும். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு வெளியே வந்து செய்யுங்கள். நல்ல சரக்கு வைத்திருப்பவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

நான் இதையெல்லாம் கற்றுக்கொண்டது ஒரு முழு பண்டல் ஏமாந்த பிறகு. 90 மீட்டர் சிசிடிவி பண்டல், ‘ப்யூர் காப்பர்’ என்று உறையில் பெரிதாக அச்சடித்திருந்தது. செங்கோட்டையில் ஒரு உறவினர் வீட்டில் மாடிக்கும் கீழுக்குமாக அதில்தான் இழுத்தேன். வலை ஈயத்தைப் பிடிக்கவே இல்லை. ஃப்ளக்ஸை அள்ளிப் பூசி எப்படியோ ஒட்டவைத்தேன். ஜூனில் ஆரியங்காவு கணவாய் வழியே காற்று வந்து சாரல் தொடங்கியதும் ஒரு பக்கம் கரகர என்றது, ஆகஸ்டில் அந்தப் பக்கம் முழுக்கச் செத்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் ஒட்டின இடத்தில் வெள்ளைப் பொடி. அலுமினியமும் ஈயமும் ஈரத்தில் சேர்ந்தால் அப்படித்தான் அரிக்கும். சுவரைத் திரும்பத் துளைக்கும்போது அந்த வீட்டு அத்தை ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

இப்போது நீங்கள் கடையில் பார்த்த ஒவ்வொன்றும்.

சிசிடிவி கேபிளில் ‘3+1’ என்று வருவதை விட்டுவிடுங்கள். கேமராவின் கரண்ட் போன்றவற்றுக்கு மூன்று ஒயர், வீடியோவுக்கு ஒரு மெல்லிய கோஆக்ஸ், நாலையும் ஒரே உறையில் போட்டிருப்பார்கள். நமக்கு அந்த மூன்றும் வீண். உள்ளே இருக்கும் கோஆக்ஸின் வலையும் மலிவு வகைகளில் பெரும்பாலும் கலப்பு உலோகம்தான். கேட்க வேண்டியது தனி ஆர்ஜி-59. ஃபினோலெக்ஸ், பாலிகேப் போன்ற ஒயர் கம்பெனிகளே கோஆக்சியல் கேபிள் போடுகிறார்கள். ஒரே கம்பெனியிலும் செம்பு வகை, பூச்சு வகை இரண்டும் இருக்கும் என்பதால், பெயரை மட்டும் பார்க்காமல் நடுக்கம்பி என்ன, வலை என்ன, வலை எத்தனை சதவீதம் மூடுகிறது என்று விவரத் தாளில் பாருங்கள். 90 சதவீதத்துக்கு மேல் செம்பு வலை என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். வெளிநாட்டுச் சரக்கில் பெல்டன் 1505ஏ என்று ஒன்று உண்டு. முழுச் செம்பு நடுக்கம்பி, ஃபாயில், அதன் மேல் ஈயம் பூசிய 95 சதவீத செம்பு வலை. உலகம் முழுக்க டிவி ஸ்டுடியோக்களில் ஓடுகிற வகை அது. ஸ்டுடியோ மிச்சச் சரக்காக சென்னை ரிச்சி தெருவிலோ எர்ணாகுளம் பள்ளிமுக்கிலோ துண்டு கிடைத்தால் விடாதீர்கள்.

டிஷ் கேபிள், அதாவது ஆர்ஜி-6. இதன் நடுக்கம்பி இரும்பாக இருந்தால்கூட ஆடியோவுக்குப் பெரிய பாதகம் இல்லை, முன்பே சொன்ன மாதிரி அதில் ஓடும் கரண்ட் ஒன்றுமே இல்லை. சிக்கல் மேலே. அலுமினிய ஃபாயிலும், அதன் மேல் சில அலுமினிய இழைகளும்தான் மலிவு ஆர்ஜி-6ன் ஷீல்டு. அது நூற்றுக்கணக்கான மெகாஹெர்ட்ஸ் சிக்னலுக்கு நன்றாக வேலை செய்யும், நம் 50 ஹெர்ட்ஸ் கசிவுக்குத் தடை அதிகம், ஈயமும் ஒட்டாது. கேபிளும் 7 மில்லிமீட்டர் தடிமன், சாதாரண ஆர்சிஏ பின்னின் வாயில் நுழையாது. கையில் மிச்சம் இருக்கிறது, ஒரு மீட்டர் தற்காலிகமாக வேண்டும் என்றால், இரண்டு முனையிலும் எஃப் கனெக்டரை (டிஷ் ஒயர் முனையில் வரும் திருகு) கிரிம்ப் செய்து, எஃப்-இலிருந்து ஆர்சிஏ ஆக்கும் அடாப்டர் போட்டு ஓட்டலாம். காசு கொடுத்து வாங்காதீர்கள்.

லேன் கேபிளை உங்கள் வேலைக்கு எடுக்காதீர்கள். சாதாரண லேன் ஒயரான யுடிபியில் ஷீல்டே இல்லை, இரண்டிரண்டு ஒயராக முறுக்கிக் கிடக்கும், அவ்வளவுதான். எக்ஸ்எல்ஆர் போன்ற பேலன்ஸ்டு இணைப்பில் (ஒரே சிக்னல் இரண்டு கம்பியில் எதிரெதிராகப் போகும் வகை) அந்த முறுக்கே இரைச்சலை ரத்து செய்துவிடும், அங்கே அது அருமையாக ஓடும். ஆர்சிஏவில் அந்த ரத்து நடக்காது. மேலும் ஒற்றைக் கம்பி, நாலு தடவை வளைத்தால் பின்னுக்குள்ளேயே முறிந்துவிடும்.

மைக் கேபிள் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது கெட்ட சரக்கு இல்லை. எங்கள் பக்கம் கோயில் கொடைக்கு மைக் செட் கட்டுகிறவர்கள் மேடைக்கும் ஆம்ப் வைத்த இடத்துக்கும் 50 மீட்டர் கூட இழுப்பார்கள், பந்தலில் மிதிபடும், மழையில் நனையும், மறுநாள் சுருட்டி அடுத்த ஊருக்குப் போகும். அந்த வேலைக்காகவே செய்தது: வளைந்து கொடுக்கும், பல இழை, உள்ளே இரண்டு கம்பி, மேலே வலை. மைக்குக்கு இரண்டு கம்பியும் வேண்டும். ஆர்சிஏவுக்கு ஒன்றுதான் வேண்டும். மிச்சமிருக்கும் இரண்டாவது கம்பியை என்ன செய்வது என்பதில்தான் நிறைய சண்டை. ‘சிக்னல் ஒரு கம்பி, திரும்புவது இன்னொரு கம்பி, ஷீல்டை ஒரே முனையில் மட்டும் கொடு’ என்று பலர் சொல்வார்கள். நான் அதை ஒத்துக்கொள்வதில்லை. அப்படிச் செய்தால் இரண்டு பெட்டியையும் இணைப்பது அந்த ஒற்றை மெல்லிய கம்பி மட்டும், தடை கூடுகிறது, ஹம் கூடுகிறது. கையில் மைக் கேபிள்தான் இருக்கிறது என்றால் இரண்டாவது கம்பியையும் வலையையும் சேர்த்து முறுக்கி, இரண்டு முனையிலும் பின்னின் வெளி உடலில் பற்றவையுங்கள். தடை குறைவது கூடுதல் பலன்.

ஆனால் அப்படிச் சேர்க்கும்போது கெப்பாசிட்டன்ஸ், அதாவது நடுக்கம்பிக்கும் வலைக்கும் நடுவே மின்னூட்டம் தேங்கும் அளவு, ஏறும். அது அதிகமானால் மேல்சத்தம் குறையும். மைக் கேபிளில் மீட்டருக்கு 150 பிக்கோஃபாரட், நாலு கம்பி வகையானால் அதற்கும் மேலே போய்விடும். ஆர்ஜி-59ல் கெட்டி பாலிஎத்திலீன் இன்சுலேஷன் வகைக்கு மீட்டருக்கு 67, நுரை வகைக்கு 53 பக்கம். டிஏசியின் வெளியீட்டுத் தடை 100, 200 ஓம்தான் இருக்கும், அதற்கு 6 மீட்டர் மைக் கேபிள் போட்டாலும் ஒன்றும் ஆகாது. உங்களிடம் இருக்கும் அந்த வால்யூம் பெட்டி அப்படியில்லை. கன்ட்ரோல் 50 கிலோ ஓம் என்றீர்கள். பாட்டு பாதி வோல்டேஜுக்கு இறங்கும் இடத்தில் திருகியை வைத்தால், அதன் வெளியீட்டுத் தடை நாலில் ஒரு பங்கு, 12.5 கிலோ ஓம். அதன் பின்னால் 6 மீட்டர் மைக் கேபிள் என்றால் 900 பிக்கோஃபாரட், 14 கிலோஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் விழுந்துவிடும், 20 கிலோஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 5 டெசிபல் போய்விடும். ஜால்ராவின் மேல்சத்தம் மங்கிக் கேட்கும். அதே இடத்தில் ஆர்ஜி-59 என்றால் இழப்பு ஒன்றரை டெசிபல் அளவில் நிற்கும். இன்னும் நல்ல வழி, நீளமான ஒயரை வால்யூம் பெட்டிக்கு முன்னால் போட்டு, வால்யூமுக்கும் ஆம்புக்கும் நடுவில் அரை மீட்டர் மட்டும் வையுங்கள். முடிந்தால் கன்ட்ரோலையே 10 கிலோ ஓமாக மாற்றுங்கள், டிஏசி அதைத் தாராளமாகத் தாங்கும். கேபிளுக்குச் செலவழிப்பதை விட இந்த ஒரு கன்ட்ரோல் மாற்றம் பெரிய வித்தியாசம் காட்டும்.

ரெக்கார்டு பிளேயருக்கு இதே கணக்கு இன்னும் கடுமையாக வரும். காந்தம் நகரும் வகை கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய தலை) கொடுப்பது சில மில்லிவோல்ட்தான், உள்ளே நிறையச் சுற்று கொண்ட காயில், அதனால் கெப்பாசிட்டன்ஸ் மாறினால் மேல்சத்தமே மாறும். ஆடியோ-டெக்னிகா விஎம்95 வகைக்கு மொத்தம் 100 முதல் 200 பிக்கோஃபாரட், ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட்டுக்கு 150 முதல் 300 என்று அந்தந்தக் கம்பெனியே சொல்கிறது. இந்த மொத்தத்தில் ஃபோனோ ப்ரீயாம்பின் (அந்தச் சின்ன சிக்னலை முதலில் பெருக்கும் பெட்டி) உள்ளீடு ஒரு பங்கைத் தின்றுவிடும், டோன் ஆர்முக்குள் ஓடும் ஒயர் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மீதிதான் உங்கள் கேபிளுக்கு. 1.2 மீட்டர் ஆர்ஜி-59 என்றால் 80, சமாளித்துவிடலாம். அதே நீளம் மைக் கேபிள் என்றால் 180, விஎம்95க்கு கேபிள் ஒன்றே எல்லையைத் தொட்டுவிடும். அப்பாவின் பிளேயரில் என்ன கார்ட்ரிட்ஜ் என்று பார்த்துவிட்டு, எவ்வளவு குட்டையாக வெட்ட முடியுமோ அவ்வளவு குட்டையாக வெட்டுங்கள். பிளேயரின் தனி எர்த் ஒயரை மறக்காமல் ப்ரீயாம்பின் திருகில் கட்டுங்கள். அதை விட்டுவிட்டு கேபிளைக் குறை சொன்னவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆக்சிஜன் ஃப்ரீ காப்பர் கேட்டீர்கள். சாதாரண மின்கம்பிச் செம்பே 99.9 சதவீதம் சுத்தம். ஆக்சிஜன் ஃப்ரீ என்பது 99.99 வரை போகும். கடத்தும் திறனில் வித்தியாசம் 1 சதவீதம் அளவுதான். அந்த எழுத்து உறையில் இருக்கிறது என்பதற்காகக் கூடக் கொடுக்க வேண்டாம். ‘ஸ்கின் எஃபெக்ட்’ என்று பயமுறுத்துவார்கள். 20 கிலோஹெர்ட்ஸில் செம்பில் கரண்ட் இறங்கும் ஆழம் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கீழே. நம் நடுக்கம்பியின் மொத்த விட்டமே ஒரு மில்லிமீட்டருக்குள்தான், ஆக கரண்ட் முழுக் கம்பியிலும் ஓடுகிறது. 75 ஓம் என்று ஆர்ஜி-59 மேல் போட்டிருப்பதும் ஆடியோவுக்குத் தேவையற்றது. பின்னால் டிஜிட்டல் கோஆக்சியல் இணைப்பு போட்டால் அதே துண்டு அங்கே சரியாகப் பொருந்தும், அதுவரை அதை மறந்துவிடலாம்.

ஈரம் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன், நீங்கள் மலைக்கு அந்தப் பக்கம் புனலூரில், நான் இந்தப் பக்கம் செங்கோட்டையில், இரண்டு பேருக்கும் ஒரே காற்று. வெறும் செம்பு வலை வருடக்கணக்கில் ஈரக்காற்றில் இருந்தால் கறுத்துப்போகும், சில கேபிளில் பச்சை பிடிக்கும். முனை திறந்திருந்தால் ஈரம் வலை வழியே உள்ளே ஏறிக்கொண்டே போகும். அதனால் இரண்டு ஆர்ஜி-59 கையில் இருந்து, ஒன்று வெறும் செம்பு, மற்றொன்று ஈயம் பூசியது என்றால் பூசியதை எடுங்கள். பற்றவைத்ததும் வெளிமுனையில், உள்ளே பசை இருக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கும் குழாய்) போட்டு மூடுங்கள். சுருளில் இருந்து வெட்டும்போது முதல் அரை மீட்டரை வீசிவிடுவது என் வழக்கம், கடையில் திறந்து கிடந்த முனை அது.

பின் வைப்பது. ரியான் என்ஒய்எஸ்373 என்கிற ஆர்சிஏ பின்னை நான் பல வருடமாகப் போடுகிறேன், ஆர்ஜி-59க்கு வாய் பொருந்தும், விலையும் தாங்கும். பிளாஸ்டிக் மூடி போட்ட மலிவுப் பின்னில் வெளி வளையம் இரண்டே மாதத்தில் தளர்ந்துவிடும். வளையம் தளர்ந்தால் வலையின் தடையைக் குறைக்க இவ்வளவு பாடுபட்டதெல்லாம் வீணாகிவிடும், ஏனென்றால் திரும்பும் பாதை அந்த வளையத்தின் வழியாகத்தான் போக வேண்டும். பற்றவைக்கும்போது பாலிஎத்திலீன் 110 டிகிரி பக்கத்திலேயே இளகத் தொடங்கும், 60/40 ஈயம் உருகுவதோ 183க்கு மேலே. நுரை வகை இன்னும் சீக்கிரம் இளகி நடுக்கம்பி நகர்ந்து வலையைத் தொட்டுவிடும். அதனால் பின்னை ஒரு பழைய ஆர்சிஏ சாக்கெட்டில் செருகி வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள், சாக்கெட் சூட்டை இழுத்துக்கொள்ளும், பின்னும் நேராக நிற்கும். கம்பிக்கும் பின்னுக்கும் முதலிலேயே தனித்தனியாக ஈயம் பூசிவிட்டு, பிறகு இரண்டையும் சேர்த்து ஒன்று இரண்டு நொடியில் எடுத்துவிட வேண்டும். 25 வாட் அயர்னை வைத்துக்கொண்டு பத்து நொடி தேய்ப்பதைவிட, 40, 50 வாட் அயர்னில் சட்டென்று முடிப்பது நல்லது. முடிந்ததும் மீட்டரில் நடுவுக்கும் வெளிக்கும் ஷார்ட் இல்லை என்று பாருங்கள், ஒயரை வளைத்துக்கொண்டே பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை, கேபிள் இல்லாத விஷயம்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியாது. ஹம் வந்தால் ஆம்பின் மூன்றாவது பின்னை, அந்த எர்த்தை, வெட்டிவிடு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நீங்களே கட்டிய உலோகப் பெட்டி அது. உள்ளே ட்ரான்ஸ்ஃபார்மர் பழுதானால் பெட்டி முழுக்க 230 வோல்ட் நிற்கும். எர்த் இருந்தால் ஃப்யூஸ் போகும், இல்லாவிட்டால் தொட்டவர் போவார்.

டிவி பக்கம் ஹம் வந்தால் முதலில் டிவியில் இருந்து கேபிள் டிவி அல்லது டிஷ் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். உடனே நின்றால், மாடிக் கம்பியில் இருந்து அந்த ஒயர் வேறொரு எர்த்தைக் கொண்டுவருகிறது என்று அர்த்தம், எந்த ஆர்சிஏ கேபிளும் அதை முழுசாகத் தீர்க்காது. உங்கள் டிஏசியில் ஆப்டிகல் உள்ளீடு இருக்கிறதா என்று பாருங்கள். டிவியில் பெரும்பாலும் ஆப்டிகல் வெளியீடு இருக்கும். இருந்தால் அந்த ஆறு மீட்டருக்கு ஆப்டிகல் ஒயரே வாங்கிவிடுங்கள். வெளிச்சத்தில் போவதால் இரண்டு பெட்டிக்கும் மின்தொடர்பே கிடையாது, ஹம் வர வழியில்லை. ஷீல்டு ஒயர் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு இதைச் சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம், உங்கள் வீட்டில் பாட்டு சுத்தமாகக் கேட்க வேண்டும், அதுதான் முக்கியம்.

அப்படியானால் கணக்கு குறையும். டிஏசிக்கும் வால்யூமுக்கும் 1 மீட்டர் இரண்டு, வால்யூமுக்கும் ஆம்புக்கும் அரை மீட்டர் இரண்டு, ரெக்கார்டு பிளேயருக்கு 1.2 மீட்டர் இரண்டு. மொத்தம் ஐந்தரை மீட்டருக்குள், வெட்டிப்போடுவதையும் சேர்த்து 7 மீட்டர் வாங்கினால் போதும். டிவிக்கும் ஆர்சிஏதான் என்றால் மட்டும் முதலில் சொன்ன 20 மீட்டர். எதுவானாலும் முதல் தடவை அரை மீட்டர் மட்டும் வெட்டி வாங்கி, காந்தம், பிளேடு, லைட்டர் மூன்றும் பார்த்துவிட்டு அப்புறம் மீதியை எடுங்கள். சந்தேகம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி செங்கோட்டை வாருங்கள், துண்டை எடுத்து வந்தால் போதும், சார்ஜரும் சிமென்ட் ரெசிஸ்டரும் என் மேஜையிலேயே இருக்கிறது.